ரைஃபிள் தோட்டா ரீலோடிங்: சைஸிங் டை தரும் தொல்லைகளும் அவற்றின் காரணமும்

சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளை உறையைக் கையில் எடுத்து, அதன் வாயில் ஒரு புதுக் குண்டை வைத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் தொளதொளவென்று உள்ளே இறங்கிவிடும். வெடிக்கும் நொடியில் வாயு அழுத்தம் உறையை ஊதிப் பெருக்கி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு அப்பிவிடுகிறது. .308 வின்செஸ்டர் தோட்டாவில் இந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். அழுத்தம் இறங்கியதும் பித்தளை கொஞ்சம் சுருங்குகிறது, ஆனால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அந்த மிச்சப் பெருக்கத்தை அமுக்கிச் சரிசெய்வதுதான் சைஸிங் டையின் வேலை.

அமெரிக்காவில் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் தோட்டா ரீலோட் செய்ய, அதாவது சுட்ட உறையை மீண்டும் நிரப்பித் தோட்டாவாக்க, மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. அதனால் அங்கே வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுதல் ஆர்வலர்களும் இதை ஒரு கைத்தொழில் போலவே பழகுகிறார்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே கீழே வருவதெல்லாம் அமெரிக்கச் சூழலுக்கானது. வெடிமருந்தின் அளவு பற்றி இதில் எதுவும் இல்லை. பித்தளை உறையும் டையும் மட்டுமே பேச்சு. எடுத்துக்காட்டாக, சேம்பரை மூடும் போல்ட் என்ற எஃகுப் பூட்டைக் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் சுட்ட .308 உறையை வைத்துக்கொள்வோம்.

முதலில் உறுப்புகள். உறையின் மேல்முனையில் குண்டைக் கவ்வும் குறுகிய பகுதி கழுத்து. அதற்குக் கீழே சரிவாக விரியும் பகுதி தோள். அதற்கும் கீழே உடல். அடியில் கெட்டியான தலைப்பகுதி, அதைச் சுற்றி விளிம்பு, நடுவே, அடித்தால் பொறி கிளப்பும் பிரைமர் உட்காரும் குழி. டையைப் பொருத்தும் கைவிசைக் கருவியான பிரஸ்ஸின் தண்டின் உச்சியில் ஷெல் ஹோல்டர் என்ற சிறு கவ்வி இருக்கும். உறையின் விளிம்பு அதில் செருகி நிற்கும். கைப்பிடியை இறக்கினால் தண்டு மேலே ஏறி உறையை டைக்குள் தள்ளும். டை என்பது கடினப்படுத்திய எஃகு உருளை. சேம்பரைவிடச் சற்றுச் சிறிதாக உள்ளே கடைந்திருக்கும். அதன் நடுவே தொங்கும் கம்பியின் நுனியில் ஓர் ஊசி, சற்று மேலே எக்ஸ்பாண்டர் என்ற உருண்டை. உறை ஏறும்போது ஊசி பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றும். உறை இறங்கும்போது, டை அளவுக்கு மீறிக் குறுக்கிவைத்த கழுத்தை உருண்டை உள்ளிருந்து விரித்து, குண்டுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவரும்.

இந்த வேலையில் அளவெல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில்தான் பேசப்படும். லேத் பட்டறையில் சொல்வதுபோல இதைத் ‘தௌ’ என்றே சொல்வோம். ஒரு தௌ என்பது 0.0254 மில்லிமீட்டர். நல்ல டிஜிட்டல் வெர்னியர் இல்லாமல் டையின் சிக்கலைக் கண்டுபிடிக்க முயல்வது இருட்டில் ஊசி கோப்பது மாதிரி.

தோளின் அளவுதான் விஷயத்தின் மையம்

டையோடு வரும் சீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ஷெல் ஹோல்டரை மேலே ஏற்றி, டை அதைத் தொடும்வரை திருகி, பிறகு இன்னும் கால் சுற்றுத் திருகு. எந்த ரைஃபிளிலும் நுழையக்கூடிய உறை இப்படிக் கிடைக்கும் என்பது உண்மைதான். உங்கள் ரைஃபிளுக்கு எது சரி என்பதை அந்த வரி சொல்வதில்லை. புதியவர்கள் சந்திக்கும் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

.308 போன்ற தோட்டாக்கள் சேம்பருக்குள் தோளில் முட்டித்தான் நிற்கின்றன. போல்ட்டின் முகத்திலிருந்து தோளில் ஒரு குறிப்பிட்ட இடம் வரையுள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். .308இல் அந்த இடம், தோளின் விட்டம் சரியாக 0.400 அங்குலமாக இருக்கும் புள்ளி. சேம்பர் சரியா என்று பார்க்கும் ‘கோ’ அளவுமானி 1.630 அங்குலம், ‘நோ-கோ’ 1.634 அங்குலம். இரண்டுக்கும் இடையில் நான்கே தௌ வித்தியாசம்.

சைஸ் செய்தபின் உறையின் தோள், சுட்டபின் இருந்த இடத்தைவிட 1 அல்லது 2 தௌ பின்னால் இருந்தால் போல்ட் ஆக்‌ஷனுக்குப் போதும். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு 3 அல்லது 4 தௌ வேண்டும். அதில் போல்ட்டைக் கை மூடுவதில்லை, ஸ்பிரிங் மூடுகிறது. உறை இறுக்கமாக இருந்தால் போல்ட் முழுதாகப் பூட்டாமல் நின்றுவிடும், அது ஆபத்து.

இந்த அளவை எடுக்க வெர்னியரில் மாட்டும் கம்பாரேட்டர் என்ற துணைக்கருவி ஒன்று வேண்டும். .308க்கு 0.400 அங்குலத் துளையுள்ள புஷ் என்ற வளையம் போதும். அது காட்டும் எண் 1.630ஆகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கருவிக்குக் கருவி இரண்டொரு தௌ மாறும். நமக்குத் தேவை, சுட்ட உறைக்கும் சைஸ் செய்த உறைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அளக்குமுன் பழைய பிரைமரை எடுத்துவிடுங்கள். பிரைமரின் முகம் சற்றுப் புடைத்திருந்தாலே அளவு பொய்யாகிவிடும். பிரைமரை மட்டும் எடுக்கவென்றே தனி டை கிடைக்கிறது. ஒரே ஒருமுறை சுட்ட உறை சேம்பரை முழுதும் நிரப்பியிருக்காமல் போகலாம். அதனால் அதே ரைஃபிளில் இரண்டு மூன்று முறை சுட்டவற்றில் ஐந்தாறை அளந்து, அவற்றில் நீளமானதை அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்றுக்கு டை 71 தௌ இறங்கும். கணக்குப் போட்டால் ஒரு தௌவுக்கு ஏறக்குறைய 5 டிகிரித் திருப்பம். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: கால் சுற்று என்பது 18 தௌ! சீட்டில் உள்ள வரி எவ்வளவு முரட்டுத்தனமானது என்று இப்போது தெரியும்.

டையை ஷெல் ஹோல்டரிலிருந்து ஒரு சுற்று மேலே தூக்கிவைத்துத் தொடங்குங்கள். மசகு தடவிய உறையை ஏற்றி இறக்கி அளங்கள். இங்கேதான் பலரும் குழம்புவார்கள்: சுட்டபோது 1.630 இருந்த தோள் இப்போது 1.632 காட்டும். சைஸ் செய்தால் குறைய வேண்டியது கூடியிருக்கிறதே என்று டையைச் சந்தேகிப்பார்கள். டை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. உடலின் பக்கவாட்டை முதலில் அமுக்குகிறது. அமுங்கிய பித்தளை எங்காவது போக வேண்டும், அது மேல்நோக்கி நகர்ந்து தோளை முன்னே தள்ளுகிறது. டையின் தோள் இன்னும் உறையின் தோளைத் தொடவில்லை. இந்த நிலையில் விடப்பட்ட உறைதான், ‘சைஸ் செய்தும் போல்ட் மூடவில்லை’ என்ற புகாருக்கு முதல் காரணம்.

டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தோள் தொட்டதும் அளவு குறையத் தொடங்கும். 1.631, 1.630, பிறகு 1.628. அங்கே நிறுத்திப் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். இறுக்கும்போது ஓர் உறை டைக்குள் முழுதாக ஏறி அழுத்தத்தில் இருக்கட்டும். அப்போதுதான் டை தண்டோடு நேர்கோட்டில் நிற்கும். பூட்டு வளையத்தின் சிறு திருகாணி டையின் மரையை நசுக்கும் வகையாக இருந்தால், அதன் அடியில் ஒரு சின்ன ஈயக் குண்டைப் போட்டு இறுக்குவது பழைய, நல்ல வழக்கம்.

அளவைக் கருவி சொன்னாலும் ரைஃபிளையும் கேட்டுவிடுவது நல்லது. துப்பாக்கி காலி என்பதை உறுதிசெய்து, போல்ட்டிலிருந்து சுடும் ஊசியையும், உறையை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிடுங்கள். சைஸ் செய்த வெற்று உறையைச் சேம்பரில் வைத்து போல்ட்டைத் தள்ளினால் கைப்பிடி தன் எடையாலேயே கீழே விழ வேண்டும். பாதியில் நின்று விரலால் அழுத்த வேண்டியிருந்தால் தோள் இன்னும் ஒரு தௌ பின்னால் போக வேண்டும்.

டை ஷெல் ஹோல்டரை முட்டிவிட்டது, ஆனாலும் தோள் பின்னால் போகவில்லை என்றால்? வெறுமனே ஏற்றும்போது தொடுவதும், உறையோடு ஏற்றும்போது தொடுவதும் ஒன்றல்ல. உறையை அமுக்கும் விசையில் பிரஸ்ஸின் சட்டமும் இணைப்புகளும் சில தௌ வளைந்து கொடுக்கும். உறை உள்ளே இருக்கும்போது பின்னால் டார்ச் வைத்துப் பாருங்கள். டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரிந்தால் அதுதான் காரணம். இன்னும் சில டிகிரி இறக்குங்கள். வெளிச்சமே இல்லாமல் இறுக முட்டியும் அளவு வரவில்லை என்றால், டைக்கும் சேம்பருக்கும் பொருத்தம் இல்லை. ஷெல் ஹோல்டரின் மேல்முகத்தைச் சில தௌ தேய்ப்பது ஒரு வழி. விலை உயர்ந்த டையைத் தேய்ப்பதைவிட மலிவான ஷெல் ஹோல்டரைத் தேய்ப்பதே புத்திசாலித்தனம். நேர்மாறாக, தொட்டவுடனேயே தோள் அளவுக்கு மீறிப் பின்னால் போனால் டையைத் தூக்கி வையுங்கள். அல்லது 2 முதல் 10 தௌ வரை உயரம் கூடிய ஐந்து ஷெல் ஹோல்டர்கள் கொண்ட ரெட்டிங் தொகுப்பு போன்ற ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

தோளை அதிகமாகத் தள்ளுவதை ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்? போல்ட் இலகுவாக மூடும், யாருக்கும் எதுவும் தெரியாது. சுடும்போது சுடும் ஊசி உறையை முன்னே தள்ளுகிறது. உறையின் மெல்லிய சுவர் சேம்பரில் அப்பிக்கொள்கிறது. அழுத்தம் தலைப்பகுதியைப் பின்னால் போல்ட்டோடு தள்ளுகிறது. நடுவில் இருக்கும் பித்தளை இழுபட்டு மெலிகிறது. ஒவ்வொரு முறையும் இதே இடம் மெலிந்து, ஒருநாள் தலை தனியாக, உடல் தனியாகப் பிய்ந்துவிடும். சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். விளிம்புக்குச் சற்று மேலே, கெட்டியான அடி முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தால் அது எச்சரிக்கை. டை முடிகிற இடத்திலும் இப்படி ஒரு கோடு விழலாம் என்பதால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சற்றே வளைத்துக் கூராக்கி, உறைக்குள் விட்டுச் சுவரை மேலும் கீழும் வருடுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்த உறையை நசுக்கிக் குப்பையில் போடுங்கள். அதே வகையில் சுட்ட மற்றவற்றையும் சோதியுங்கள்.

உறை டைக்குள் சிக்கிக்கொண்டால்

இதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே: மசகு போதவில்லை. பித்தளையும் எஃகும் நேராக உரசினால் பித்தளை எஃகில் ஒட்டும். மெழுகு வகை என்றால் விரல் நுனியில் தொட்டு, உடலின் கீழ்ப்பாதியில் மெல்லிய படலமாகத் தேய்த்தால் போதும். அதிக விசை வேலை செய்வது அங்கேதான். லனோலின் என்ற கம்பளிக் கொழுப்பை 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிக்கும் வகையில், ஒரு பங்கு லனோலினுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு ஆல்கஹால் என்பது வழக்கமான கலவை. தெளித்தபின் ஆல்கஹால் முழுக்க ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு ஏற்றுவதுதான் இந்த வகையில் உறை சிக்குவதற்குப் பெரிய காரணம். ஆல்கஹால் தீப்பிடிக்கும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். எஞ்சின் ஆயில் இந்த அழுத்தத்தைத் தாங்காது. புது டையைத் துரு எதிர்ப்பு எண்ணெய் போகக் கழுவிவிட்டு, முதல் இரண்டு உறைகளுக்கு மட்டும் மசகைச் சற்றுத் தாராளமாகத் தடவுங்கள்.

கைப்பிடி வழக்கத்தைவிடக் கனக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். பாதி வழியில் திரும்பி இறக்கி, இன்னும் கொஞ்சம் மசகு தடவி மறுபடி ஏற்றலாம். ‘இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்’ என்று எடையைப் போட்டு அழுத்தினால் உறை உள்ளே போய்விடும், வெளியே வராது. இழுத்தால் விளிம்பு கிழிந்துவிடும்.

கிழிந்துவிட்டால் சுத்தியலைத் தொடாதீர்கள். மேலிருந்து கம்பியில் அடித்தால் ஊசியும் உருண்டையும் நாசமாகும். டையைப் பிரஸ்ஸிலிருந்து கழற்றி, நடுக்கம்பியின் நட்டைத் தளர்த்தி, கம்பியைப் போகுமளவு மேலே திருகிவிடுங்கள்; துளையிடும்போது ஊசியில் படக்கூடாது. டையை வைஸில் பிடித்து, உறையின் அடியில் பிரைமர் குழியின் நடுவே 7ஆம் எண் டிரில்லால், அதாவது 0.201 அங்குலத்தில், துளையிட்டு 1/4-20 டேப்பால் மரை போடுங்கள். அடியின் மேல் ஒரு தடித்த வளையத்தை நிறுத்தி, அதன் மீது வாஷர் போட்டு 1/4-20 போல்ட்டைத் திருகினால், மரை உறையை நிதானமாக வெளியே இழுத்துவிடும். இதற்கான தொகுப்பு கடையிலேயே கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உறை வந்தபின் டையின் உட்சுவரைப் பாருங்கள். ஒட்டிய பித்தளை இருந்தால் அடுத்த உறையும் அங்கேயே கீறப்படும்.

மசகு கூடினாலும் தொல்லை உண்டு. தோளுக்கும் டைக்கும் நடுவே சிக்கும் மசகு எங்கும் போக முடியாமல் பித்தளையை உள்ளே குழித்துவிடும். ஆகவே தோளில் தடவவே வேண்டாம். டையின் பக்கத்தில் காற்று வெளியேற ஒரு சிறு துளை இருக்கும். அது அடைபட்டாலும் இதேதான். மழுங்கலான சிறு குழி அடுத்த சூட்டில் சமமாகிவிடும், கூர்மையாக மடிந்த உறையை மட்டும் கழித்துவிடுங்கள்.

கீறல், ஊசி, உருண்டை

எல்லா உறையிலும் நீளவாக்கில் கீறல் விழுந்தால் டைக்குள் ஏதோ இருக்கிறது: மணல் துகள், அல்லது ஒட்டிய பித்தளை. பித்தளையை, குழல் சுத்தம் செய்யும் செம்பு கரைப்பானில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் எடுக்கலாம். எஃகிலேயே பிசிறு இருந்தால், மரக்குச்சியின் பிளவில் 600 எண் நீர்த்தாளைச் செருகி, டிரில்லில் மெதுவாகச் சில நொடி சுழற்றி, உலோகப் பாலிஷால் முடியுங்கள். ஒரு சில உறைகளில் மட்டும் கீறல் என்றால் தவறு உறையில்: தரையில் விழுந்ததைத் துடைக்காமல் ஏற்றியிருப்பீர்கள்.

பிரைமரைத் தள்ளும் ஊசி, டையின் வாய்க்குக் கீழே சுமார் 3/16 அங்குலம், அதாவது 5 மி.மீ. அளவுக்கே நீட்டியிருக்க வேண்டும். அதிகம் நீட்டினால் உருண்டையே உறையின் உள்ளடியில் முட்டும். ஊசி அடிக்கடி உடைந்தால் ஊசியைக் குறை சொல்லுமுன் டார்ச் அடித்து உறைக்குள் பாருங்கள். நடுவே ஒரே துளைக்குப் பதில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டான் வகை. இந்த டையில் அதைச் செய்ய முடியாது. வழக்கமான துளை 0.080 அங்குலம். சில துல்லிய வகை உறைகளில் 0.059 அங்குலம்தான் இருக்கும். அதற்கு மெல்லிய ஊசி வாங்க வேண்டும். வெடிக்காத பிரைமர் உள்ள உறையை மட்டும் இந்த வேலைக்குள் கொண்டுவராதீர்கள். கண்ணாடி அணிந்திருங்கள். பழைய பிரைமரின் கரியில் ஈயச் சேர்மம் உண்டு. வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

உறையை இறக்கும்போது ‘கீச்’ என்று சத்தம் வந்தால் உருண்டை உலர்ந்த கழுத்தை உரசுகிறது என்று அர்த்தம். சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இழுப்பு, நாம் பாடுபட்டு அமைத்த தோளையும் முன்னே இழுக்கும், கழுத்தையும் ஒரு பக்கம் சாய்க்கும். நைலான் பிரஷ்ஷில் கொஞ்சம் கிராஃபைட் தூளோ ஒரு துளி மெழுகோ எடுத்துக் கழுத்தின் உட்புறத்தை ஒருமுறை துடையுங்கள். உருண்டைக் கம்பியின் நட்டை, உறை உள்ளே இருக்கும்போது இறுக்கினால் உருண்டை தானே நடுவில் நிற்கும். அளவில் நுணுக்கம் பார்ப்பவர்கள் உருண்டையைக் கழற்றிவிட்டு, தனியாக மாண்ட்ரல் என்ற கம்பியால் கழுத்தை விரிக்கிறார்கள். கழுத்து நேராக வர இதுவே நம்பகமான வழி.

குண்டு கழுத்தில் தளர்ந்து நின்றால் இரண்டு அளவு எடுங்கள். குண்டு ஏற்றிய தோட்டாவின் கழுத்து வெளிவிட்டம் 0.336 என்றால், குண்டு ஏற்றாத சைஸ் செய்த கழுத்து 0.334 ஆக இருக்க வேண்டும். அந்த 2 தௌ வித்தியாசமே குண்டைப் பிடித்திருக்கிறது. வித்தியாசம் குறைவாக இருந்தால், இறங்கும்போது உருண்டையின் இழுப்பை உணர்ந்தீர்களா என்று யோசியுங்கள். இழுப்பு இருந்தால் உருண்டை பெரிது. டிரில்லில் மாட்டி நுண்தாளால் ஒரு தௌ தேய்க்கலாம். இழுப்பே இல்லையென்றால் கழுத்தின் சுவர் மெலிந்த பிராண்டு அது; டை போதிய அளவு குறுக்கவில்லை. அப்போது உருண்டையைத் தேய்த்துப் பயனில்லை. உறையை மாற்றுங்கள், அல்லது கழுத்தைக் குறுக்கும் வளையத்தை (புஷ்) மாற்றக்கூடிய டைக்குப் போங்கள்.

நான்கைந்து முறை சுட்டபின் டையில் கைவைக்காமலேயே தோளின் அளவு உறைக்கு உறை இரண்டு மூன்று தௌ மாறத் தொடங்கலாம். வளைத்து வளைத்துப் பித்தளை கெட்டிப்பட்டுவிட்டது. அமுக்கினாலும் மீண்டும் எம்பி வருகிறது. தண்டை உச்சியில் மூன்று விநாடி நிறுத்திப் பிடித்தால் மாறுபாடு கொஞ்சம் குறையும். முழுத் தீர்வு, கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி இளக்குவது. சூடு அடிப்பகுதிக்கு ஒருபோதும் போகக் கூடாது. அடி இளகினால் அழுத்தத்தைத் தாங்காது.

தோள் சரியாக இருந்தும் உறை கடைசி சில மில்லிமீட்டரில் இறுகினால் அடியைப் பாருங்கள். டை அடிவரை எட்டுவதில்லை. இராணுவ இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட உறைகள் அங்கே பெருத்திருக்கும். ‘ஸ்மால் பேஸ்’ என்ற, அடிப்பகுதியை இன்னும் சற்று இறுக்கும் டை இதற்காகவே இருக்கிறது. உங்கள் சொந்த போல்ட் ரைஃபிளில் சுட்ட உறைக்கு அது தேவையில்லை, பித்தளையின் ஆயுளைத்தான் குறைக்கும்.

சைஸ் செய்ததும் உறை நீளும். எனவே நீளத்தை அதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும். .308இன் உச்ச வரம்பு 2.015 அங்குலம், மீறினால் 2.005க்கு வெட்டுங்கள். நீண்ட கழுத்தின் வாய் சேம்பரின் முனையில் நெரிந்து குண்டை விடாமல் பிடித்துக்கொண்டால் அழுத்தம் எகிறும். வெட்டியபின் மசகை முழுக்கத் துடைத்தெடுங்கள். எண்ணெய்ப் பூச்சோடு இருக்கும் உறை சேம்பர் சுவரைப் பற்றாமல் வழுக்கி, போல்ட்டின் மேல் விழும் விசையைக் கூட்டும். கழுத்துக்குள் தங்கிய மசகு வெடிமருந்தைக் கெடுக்கும்.

எல்லாம் அமைந்தபின் டைக்கும் பிரஸ்ஸுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். உறையின் பிராண்டு மாறும்போதும், ஷெல் ஹோல்டரை மாற்றும்போதும் அந்தக் கோடு செல்லாது. முதல் மூன்று உறைகளை அளந்து பார்த்துவிட்டுத்தான் நான்காவதை ஏற்ற வேண்டும்.